பாடி நடிக்க வரும் வட ஆற்காட்டுப் பெண்ணுக்கு எது வழி: கூத்து ஜமாவா, நாடக மன்றமா, தெற்கா, படிப்பா?

ஆரணியிலோ ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ இருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண். குரல் இருக்கிறது, கூட்டத்தைக் கண்டால் கூச்சம் இல்லை. பாடி நடிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள நினைக்கிறாள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்காகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டில் அவளுக்கு நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. உள்ளூர்க் கூத்து ஜமாவில், அதாவது கூத்தாடும் குழுவில், சேரலாம். படுதா என்னும் காட்சித் திரை கட்டி ஆடும் நாடக மன்றத்துக்கு வேடத்துக்குப் போகலாம். தெற்கே போய், நடிகர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, ஆகலாம். புதுச்சேரியிலோ டெல்லியிலோ நாடகம் படிக்கலாம். மெல்லிசைக் குழுவையும் சேர்த்து ஐந்து என்பார்கள். அது துணைக்கு வைத்துக்கொள்ளும் வேலை, தனி வழி ஆகாது.

வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘ராத்திரிக்கு எவ்வளவு?’ என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். மூன்று வருஷம் கழித்து உங்கள் வசம் எத்தனை வேடத்துக்குப் பாடம் இருக்கும் என்பதை முதலில் பாருங்கள். பாடம் என்றால் ஒரு வேடத்தின் வரவுப் பாட்டு, விருத்தம், தரு, கந்தார்த்தம் என்ற பாட்டு வகைகள், வசனம், எதிராளியோடு போடும் தர்க்கம் எல்லாம் சேர்ந்தது. எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் இரண்டே வேடம் தெரிந்தவரை அந்த இரண்டு நாடகம் வைக்கும் ஊர்க்காரர்கள் மட்டும்தான் கூப்பிடுவார்கள். சந்திரமதி, சாவித்திரி, பவளக்கொடி, வள்ளி, பொன்னுருவி, பாஞ்சாலி என்று ஆறு வேடம் நிற்காமல் வந்தால், எந்த ஊரில் என்ன நாடகம் என்று கேட்காமலே தேதி ஒப்புக்கொள்ளலாம். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம்.

கூத்து ஜமா

இந்த மண்ணில் கூத்தின் முதுகெலும்பு திரௌபதி அம்மன் கோயில் பாரதம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்குமேல் விடியும்வரை கூத்து, அர்ஜுனன் தபசுக்கு மரம் ஏறுவது, முடிவில் துரியோதனன் வீழும் படுகளமும் தீமிதியும். சீசன் இல்லாத மாதங்களில் ஜமாவுக்குச் சோறு போடுவது கர்ண மோட்சம். இறந்தவருக்குக் கருமாதியின்போது அதை ஆடவைக்கும் வழக்கம் வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருக்கிறது. ஆகவே கர்ணன் மனைவி பொன்னுருவியின் பாடம் தெரிந்தவருக்கு ஐப்பசி, கார்த்திகையிலும் வேலை வரும். புதிதாக வருபவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய வேடம் இதுதான்.

ஜமாவில் பாடம் நிறைய இருக்கிறது, ஆனால் அது ஜமாவின் சொத்தாகவே இருக்கிறது. பெண் வேடங்களைத் தலைமுறைகளாக ஆண்களே கட்டி வந்திருக்கிறார்கள். இருபது வருஷமாகப் பாஞ்சாலி கட்டும் ஆண் கலைஞர் தன் வேடத்தை நேற்று வந்த பெண்ணுக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, அது அவருடைய பங்கு. வசூலைப் பங்கு வைத்துப் பிரிக்கும் ஜமாவில் ஆள் கூடினால் எல்லாருடைய பங்கும் குறையும். அதனால் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோழி வேடம், குறத்தி வேடம், பின்பாட்டு.

பெண்கள் கூத்து கற்க முடியாது என்பதற்கு இது சான்று ஆகாது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கிரீடமும் தோளணியான புஜகீர்த்தியும் கட்டி ஆண் வேடமே ஆடினார்கள். அந்த உண்டு உறைவிடப் பள்ளி இன்று இல்லை. செய்யாறு வட்டம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்து மன்றம் இருக்கிறது. பயிற்சிக்கென்று ஒரு வாசலைத் தட்ட வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கலாம்.

சுருதி விஷயத்தில் ஒரு தவறான பயம் உலவுகிறது. ‘கூத்துக்காரங்க ஏறுசுருதியில பாடுவாங்க, பொம்பளை குரலு தாங்காது’ என்பார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண். ஆண் பாடகருக்கு இயல்பான சுருதி 1, 1½, 2 கட்டை. கூத்திலும் பழைய நாடக மேடையிலும் அவர்கள் 4 கட்டைக்கு மேல் ஏற்றிக்கொண்டது, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. பெண் குரலுக்கு 5, 5½ கட்டைதான் இயல்பான இருப்பிடம். அதாவது ஆண் நரம்பு புடைக்க எட்டிப் பிடிக்கும் சுருதி பெண்ணுக்குத் தரைமட்டம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கூத்தில் கூடவே ஊதும் குழல் கருவியான முகவீணையின் சுருதி மாறாது. ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிக் கொடுக்கலாம், முகவீணைக்காரரால் முடியாது. ஜமாவின் முகவீணை எந்தக் கட்டையில் இருக்கிறதோ அதில்தான் இரவு முழுக்கப் பாட வேண்டும். சேருமுன் அந்தக் கட்டையைக் கேட்டு, வீட்டில் சுருதிப்பெட்டியை அதில் வைத்து ஒரு வாரம் பாடிப் பாருங்கள். மேல் மத்தியமம் நின்று பிடிக்கிறதா என்பது சோதனை. இரவு பத்து மணிக்கு ஒருமுறை பாடி, அதே இரவு மூன்று மணிக்கு மறுபடி பாட வேண்டும். மூன்று மணிக்கு வருவதுதான் உங்கள் மேடைக் குரல்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். மாதவிலக்கு நாளில் அம்மன் சன்னிதி எதிரே ஆட விடாத ஊர்கள் இருக்கின்றன. ஜமா ஆசிரியர் பெண்ணை எடுக்கத் தயங்கும்போது சொல்லாமல் மறைக்கும் காரணங்களில் இது ஒன்று. அந்த நாளுக்கு மாற்று ஆள் யார் என்று நீங்களே முதலில் கேட்டுவிட்டால் தயக்கத்தில் பாதி போய்விடும்.

நாடக மன்றம்

பலகையில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். கூத்து ஜமாக்களும் ‘நாடக மன்றம்’ என்றே பலகை வைக்கின்றன. படுதா சீன் கட்டுகிறார்களா, பெண் வேடத்துக்குப் பெண்களையே கூப்பிடுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அது நாம் சொல்லும் மன்றம். கிரீடம், புஜகீர்த்தி போன்ற மரக்கட்டை அணி குறைவு, வசனம் அதிகம், அரிச்சந்திரன், சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம், காத்தவராயன் போன்ற கதைகள். நடிகைக்குப் பங்கு கிடையாது, இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது.

வட ஆற்காட்டுப் பெண்ணுக்கு முதல் இரண்டு சீசனுக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கணிப்பு. வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆரணி, போளூர், கலவை, வாலாஜா, சோளிங்கர் வட்டாரத்துக்குள்ளேயே தேதிகள் விழும். கதாநாயகி வேடமே உங்களுடையது. ஒரே மன்றத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இரண்டு மூன்று மன்றங்களுக்குப் போனால் ஒரே சந்திரமதிக்கு இரண்டு விதப் பாடம் கையில் சேரும். தெலுங்கு தெரிந்த குடியாத்தம், சோளிங்கர் பக்கத்துப் பெண்களுக்கு எல்லைக்கு அப்பாலும் மேடை உண்டு. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டின் பகுதியாக இருந்த ஊர். அங்கும் திரௌபதி கோயில் பாரதமும் வீதி நாடகமும் நடக்கின்றன.

கெட்டுப்போகிற இடங்களும் இருக்கின்றன. முதலாவது, இடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்வது. ஊர்க்காரர்கள் கேட்டார்கள் என்று மேடையிலேயே அறிவித்துவிடுவார்கள். அங்கே நின்று மறுக்க முடியாது. தேதி ஒப்புக்கொள்ளும்போதே ‘வேடத்துக்குண்டான பாட்டு மட்டும்தான்’ என்று சொல்லி, மன்றத் தலைவர் வாயால் சரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது கீபோர்டு. பழைய ஆர்மோனியத்தின் ஸ்வரமும் கீபோர்டின் ஸ்வரமும் பல சமயம் இம்மி விலகியிருக்கும். இரண்டையும் ஒன்றாக வாசிக்கிற மன்றத்தில் பாடும் பெண் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறுவாள், பழி அவள் காதின்மேல் விழும். திரை விலகுமுன் இரண்டிலும் ஸட்ஜம் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். விலகல் இருந்தால் ஆர்மோனியத்தைப் பின்பற்றிக்கொண்டு கீபோர்டைப் பின்னணிச் சத்தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

மூன்றாவது முன்பணம். சீசனுக்கு முன் கை நிறையத் தருவார்கள், வட்டி கிடையாது. ஆனால் அது தீரும்வரை வேறு மன்றத்துக்குத் தேதி தர முடியாது, பேசிய தொகையைக் கூட்டியும் கேட்க முடியாது. கணக்குக்காக, இரவுக்கு 2,500 ரூபாய் பேசி வருஷத்துக்கு 60 இரவு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,50,000. பேருந்து, ஆட்டோவுக்கு இரவுக்கு 250 என்றால் 15,000 போய்விடும். புடவை, செட் நகை, சவுரி, பேன்கேக் ஒப்பனை எல்லாம் சேர்ந்து 20,000. மிச்சம் 1,15,000, மாதத்துக்கு 9,600 ரூபாய்கூட வராது. இதில் 50,000 முன்பணம் வாங்கிச் செலவழித்தவர் இருபது இரவு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அவசியம் என்றால் ஐந்து இரவுச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் வாங்காதீர்கள்.

தெற்கே: ஸ்பெஷல் நாடகம்

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கம் கதையே வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாட்டும் தர்க்கமும்தான் இன்றும் அங்கே மூலதனம். நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறோர் ஊர். எல்லாரும் அன்றிரவு கொட்டகையில்தான் சந்திக்கிறார்கள், ஒத்திகை கிடையாது. நாடக நடிகர் சங்கங்களும் அமைப்பாளர்களும் வழியாகத் தேதி வரும்.

பாடத்தின் கணக்கில் பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் தனித்தனியாகக் கூப்பிடுகிற தொழிலில் பாடம் முழுக்க அவரவர் சொந்தம். வள்ளி திருமணத்தில் நாரதரோடும் வேலனோடும் வள்ளி போடும் தர்க்கம் மணிக்கணக்காக நீளும். எதிராளி எந்தக் கிளையில் போனாலும் பதில் பாட்டு உடனே வர வேண்டும். அங்கே ஆர்மோனியக்காரர் உங்கள் கட்டைக்கு வாசிப்பார். ஆனால் தர்க்கப் பாட்டில் ராஜபார்ட்டின் கட்டைக்கு அரை, ஒன்று இறங்கவோ ஏறவோ பழகியிருக்க வேண்டும். மோகனம், காம்போதி, கல்யாணி, முகாரி, செஞ்சுருட்டி, சிந்துபைரவி இவற்றில் விருத்தம் விரித்துப் பாட வராதவர் போய்ப் பயனில்லை.

அவசரப்பட்டுப் போகிறவர்கள் வழுக்கும் இடம் டான்ஸ் வேடம். ஸ்திரீபார்ட்டுக்குப் பாடம் போதாது, சரி, டான்ஸாக வாருங்கள் என்பார்கள். பபூனோடு ஜோடியாக ஆடிப் பேசும் பகுதி அது, இரட்டை அர்த்தப் பேச்சு அங்கே சகஜம். நுழைவது சுலபம். ஆனால் ‘டான்ஸ்காரி’ என்று பெயர் விழுந்தபின் ஸ்திரீபார்ட்டாகக் கூப்பிட ஆள் வருவது அரிது. ஆறு வேடம் தேறிய பிறகு ஸ்திரீபார்ட்டாகவே போவது நல்லது.

வேலூரிலிருந்து மதுரை 400 கிலோமீட்டருக்கு மேல். பங்குனி முதல் ஆடி வரை அங்கேயே அறை எடுத்துத் தங்காமல் இந்தத் தொழில் நடக்காது. துணைக்கு அம்மாவோ அத்தையோ வந்தால் இரண்டு பேருக்கு வாடகை, சாப்பாடு. பேச்சு வழக்கும் சிறிய தடைதான். எழுதிய வசனத்தில் வராது, ஆனால் தர்க்கம் சூடேறும்போது ‘வந்துகினு, போயிகினு’ என்று நம்மூர்ப் பேச்சு எட்டிப் பார்த்தால் பபூன் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டிவிடுவார். சாமர்த்தியமுள்ளவர்கள் அதையே கைதட்டலாக மாற்றிக்கொள்வதும் உண்டு.

படிப்பு

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. எந்தப் பட்டம் முடித்தவரும் நாடகக் கலையில் 2 ஆண்டு முதுகலை படிக்கலாம். வேலூரிலிருந்து போய்வர எட்டும் தூரம்தான். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியின் படிப்பு 3 ஆண்டு. அங்கேயும் பட்டம் வேண்டும், முன்னரே நாடகங்களில் நடித்த அனுபவத்துக்குச் சான்றும் கேட்பார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு.

இந்தப் படிப்புகள் உடல், குரல் உச்சரிப்பு, ஒளியமைப்பு, இயக்கம் எல்லாம் கற்றுத்தரும். நவீன நாடகம், பள்ளிகளில் நாடக ஆசிரியர் வேலை, பயிற்சிப் பட்டறை, சினிமா என்று வாசல்கள் திறக்கும். இரவு முழுக்கப் பாடி நிற்கும் நடிகையாக்குவது அவற்றின் நோக்கம் இல்லை. நவீன நாடகக்காரர்களே கூத்தைக் கற்க நம் பக்கம் வந்தவர்கள்தான். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்கும் புரிசைக்கும் இருந்த உறவு அப்படிப்பட்டது. இங்கேயே பாரதம் கேட்டு வளர்ந்த பெண் அந்தச் சொத்தோடு போய்ச் சேர்ந்தால் வகுப்பில் அவள் கை ஓங்கியிருக்கும். வெறுங்கையோடு போனால் எல்லாரையும் போல ஒருத்தி.

பாட்டுக்குத்தான் படிப்பு என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளியே போதும். திருவண்ணாமலையிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கிறது, குரலிசைக்கு 3 ஆண்டு. செலவு மிகக் குறைவு. விருத்தத்துக்கு வேண்டிய ராக அறிவு இங்கே கிடைக்கும்.

காலேஜும் மேடையும் சேர்ந்து போகுமா என்றால், மோதும் மாதம் எது என்று பார்க்க வேண்டும். செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே. நாடக சீசனின் உச்சமும் அதே பங்குனி, சித்திரை, வைகாசி. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. கண் விழித்துப் பாடிவிட்டுக் காலையில் தேர்வு எழுதப் போய் இரண்டிலும் சொதப்பியவர்கள் உண்டு. பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் வைத்துக்கொண்டு, தேர்வு வாரத்துக்குத் தேதி ஒப்புக்கொள்ளாமல் விடுவது நடக்கிற காரியம்.

மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுக்கு உதவித்தொகை தருகிறது. நாடகமும் நாட்டுப்புறக் கலையும் அதில் அடக்கம். குருவிடம் 5 ஆண்டு பயின்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே யாரிடம் கற்றாலும் எந்த வருஷம் தொடங்கியது என்று அவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். 18 வயது முடிந்ததும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்வதும் எல்லா வழிக்கும் பொது.

மெல்லிசைக் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம், கையோடு பணம், பத்து மணிக்குள் வீடு. ஆவணி, தை முகூர்த்தங்களில் இது கை கொடுக்கும். ஆனால் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு மென்மையாகப் பாடும் பழக்கம் படிந்துவிட்டால், கூத்தில் தலைக்குமேல் தொங்கும் மைக்குக்குக் குரல் எட்டாது. வாரத்தில் இரண்டு நாளாவது மைக் இல்லாமல் திறந்த வெளியில் பாடி வருபவருக்கு இந்தக் கோளாறு வராது.

எந்த வழி எடுத்தாலும் முன்கூட்டிப் பேச வேண்டியவை

ஒப்பனை அறை எங்கே என்பதே முதல் பேச்சு. பல ஊர்களில் அது பள்ளிக்கூட வராந்தா. கதவும் விளக்கும் உள்ள ஓர் அறை, நடந்து போகிற தூரத்தில் ஒரு கழிப்பறை, இந்த இரண்டையும் தேதி உறுதி செய்யும் நாளிலேயே கேளுங்கள். அன்றிரவு கேட்டால் ஏற்பாடு செய்ய ஆள் இருக்காது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நடிகைகளின் தொண்டையைக் கெடுக்கும் முதல் காரணம். விடிந்ததும் எந்த வண்டியில் திரும்புவது, கூட யார் வருவது என்பது அடுத்தது.

முகத்துக்குப் பழைய அரிதாரத்தைத் தவிருங்கள். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த தாது. பேன்கேக் போதும். போடுமுன் தேங்காய் எண்ணெய் ஒரு பூச்சு, கலைக்கவும் அதே எண்ணெய். உங்கள் பஞ்சையும் பஃப்பையும் யாருக்கும் இரவல் தர வேண்டாம்.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருப்பதால், அனுமதி வாங்காத ஊரில் நடுராத்திரியில் போலீஸ் வந்து நிறுத்திவிட்டால் ‘பாதி நாடகம்தானே’ என்று பாதிச் சம்பளம் நீட்டுவார்கள். மேடை ஏறிவிட்டால் முழுச் சம்பளம் என்பதையும், மழையால் நின்றால் எவ்வளவு என்பதையும் தேதி எழுதும் நோட்டிலேயே ஒரு வரி எழுதி, மன்றத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தொண்டை கட்டி, மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை என்றால் மிளகும் பனங்கற்கண்டும் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று கருவி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டால் குரலுக்கு ஓய்வும் பயிற்சியுமே பெரும்பாலும் சரி செய்துவிடும். அந்த ஓய்வு எத்தனை வாரமோ, அத்தனை வாரத்துத் தேதிகளையும் உடனே வேறு நடிகைக்குச் சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள். கடைசி நாளில் வராமல் போன பெயர் வட்டாரம் முழுக்கப் பரவ ஒரு வாரம் போதும்.